பன்னிரண்டு புள்ளி ஒன்று

எண்களை நான் தப்பாகப் படித்ததே இல்லை. என் மாமனாரைக் கொல்லப் பார்த்தது, நான் சரியாகப் படித்த ஓர் எண்.

திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் அப்போது எனக்குக் காலண்டர் பிழை திருத்தும் வேலை. தேதி, கிழமை, ராகு காலம், எமகண்டம் எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் இயந்திரத்துக்குப் போகும். முப்பத்தொன்றாம் தேதி இல்லாத மாதத்தில் முப்பத்தொன்று வந்தால் தூக்கத்தில்கூடப் பிடித்துவிடுவேன். போதாததற்குத் தபால் வழியில் ஆறு மாதம் ரேடியோ மெக்கானிசம் படித்திருந்தேன். (பரீட்சை எழுதவில்லை. அதை வீட்டில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.)

மாமனார் பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருடம் போர்மேனாக இருந்தவர். எதையும் மூன்று தடவை பார்க்காமல் தொடமாட்டார். அவர் பொறுப்பில் இருந்த அறைகளில் ஒரு விபத்துகூட நடந்ததில்லை. ஆனால் மருந்துத் தூள் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. 2008இல் டாக்டர் கைவிரித்து, இரவும் பகலும் ஆக்சிஜன் வேண்டும் என்று சொல்லி, மின்சாரத்தில் ஓடும் ஒரு மிஷினை மதுரையிலிருந்து வரவழைத்தார். காற்றை உறிஞ்சி ஆக்சிஜனைப் பிரித்து மூக்குக் குழாயில் அனுப்பும் மிஷின். அதன் ஒயர் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் மாமாவின் உலகம் என்று ஆகிவிட்டது. ஐந்து மாதம் அந்தச் சுவரோரமே இருந்தார்.

பங்குனி நெருங்கியபோது ஒரே ஒரு ஆசை சொன்னார். குலதெய்வமான அய்யனாரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். கோயில் சாத்தூர் தாண்டிக் கரிசல் காட்டுக்குள்ளே இருக்கிறது. கரண்டு கிடையாது, செல்போனுக்கு சிக்னலும் கிடையாது. உத்திரத்தன்று போனால் கூட்டத்தில் மூச்சு முட்டும், ஒரு வாரம் முந்திப் போகலாம் என்றார்கள். மிஷினுக்கு என்ன செய்வது என்று எல்லோரும் யோசித்தபோது, மூத்த மருமகன் நான் தொண்டையைக் கனைத்தேன்.

அச்சக முதலாளியிடம் பழைய டீசல் வேன் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். பின் இருக்கைகளைக் கழற்றிக் கட்டில் போட்டேன். லாரியில் ஓடிக் களைத்த இரண்டு பேட்டரி, ஒரு இன்வெர்ட்டர், ஒரு ஃபேன். சிவப்பு எழுத்தில் வோல்ட் காட்டும் சின்ன மீட்டரும் பொருத்தினேன். இவற்றோடு எஞ்சின் பேட்டரியையும் சேர்த்து இணைத்தேன். மூன்று பேர் தூக்கினால் பாரம் குறையும் அல்லவா? வேனைப் பார்த்த தெருக்காரர்கள் விமானம் மாதிரி இருக்கிறது என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பேட்டரி விற்றவர் மட்டும், சார்ஜ் ஏறும்போது மீட்டர் காட்டுவதை நம்பாதீர்கள், நிறுத்தி வைத்து ஆறவிட்டுப் பாருங்கள் என்று ஏதோ ஆரம்பித்தார். எனக்குத் தெரியும் என்று வந்துவிட்டேன்.

முதல் நாள் சார்ஜ் போட்டேன். ஒரு மணி நேரத்தில் மீட்டர் பதின்மூன்று புள்ளி ஆறு காட்டியது. பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் பதின்மூன்றரையா! நிரம்பி வழிந்து வெடித்துவிடப் போகிறது என்று நானே சார்ஜரை அணைத்தேன். காலையில் பன்னிரண்டு புள்ளி ஒன்று. விளிம்புக்கு மேலே கொஞ்சம் கோபுரமாக நிற்கிறது என்று மகிழ்ந்தேன்.

அவசரத்துக்கென்று வீட்டில் சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று இருந்தது. மாமியார் அதை வேனில் ஏற்றினார். பொங்கல் பானைக்கும் விறகுக்கும் இடம் போதாதென்று நான் இறக்கி வைத்தேன். “ரெண்டு பேட்டரி இருக்கு அத்தை. அது எதுக்கு?” என்றேன். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நான் இன்னும் சிரித்துக்கொண்டு சொல்லிப் பழகவில்லை.

மாமா, மாமியார், என் மனைவி மாரீஸ்வரி, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த கொழுந்தியாள் தனம், ஓட்டுநர் நான். பத்து மணிக்குக் கோயில் போய்ச் சேர்ந்து எஞ்சினை அணைத்தேன். மீட்டர் மறுபடி பன்னிரண்டு புள்ளி ஒன்றில் வந்து நின்றது, மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பானை வைத்து, பொங்கியதும் மாமாவைக் கைத்தாங்கலாகச் சந்நிதிக்குக் கூட்டிப்போவது என்று ஏற்பாடு. மொபெட்டில் வந்த பூசாரி அய்யனாருக்கு எண்ணெய் சாத்த ஆரம்பித்தார்.

பதினொரு மணிக்கு தனம் கூப்பிட்டாள். மீட்டரில் பதினொன்று புள்ளி ஏழு.

“குறையுதே அத்தான்?”

“மணிக்குப் புள்ளி நாலுதான் குறையுது. இந்தக் கணக்குல நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் ஓடும்” என்றேன். வகுத்தல் சரி. இன்றைக்குப் போட்டுப் பார்த்தாலும் சரியாகத்தான் வருகிறது.

கொஞ்ச நேரத்தில் இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தத் தொடங்கியது. மாமாவுக்குத் தொந்தரவாக இருக்குமே என்று, சத்தத்தை நிறுத்தும் பொத்தானைத் தேடி அழுத்தினேன். ஐந்து நிமிடத்தில் ஃபேன் நின்றது, மிஷின் நின்றது. கரிசல் காட்டில் அடுப்பு விறகு வெடிக்கும் ஓசை மட்டும் கேட்டது.

எஞ்சினைப் போட்டால் சரியாகிவிடும் என்று சாவியைத் திருகினேன். ‘டிக்’ என்றது. எஞ்சின் பேட்டரியையும் இணைத்த புத்திசாலி நான்தானே. மற்ற இரண்டோடு சேர்ந்து அதுவும் செத்திருந்தது.

நாங்கள் நான்கு பேரும் தள்ளினோம். மண்ணில் சக்கரம் அசையவில்லை. மாமாவை மொபெட்டில் உட்காரவைக்க முடியாது. பூசாரி மட்டும் ஆள் தேடிப் பறந்தார்.

நாற்பது நிமிடம். மாமா கட்டில் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். தோள் ஏறி ஏறி இறங்கியது. உதடு நாவல்பழம் தின்றது மாதிரி ஆனது. தனம் ஒரு காலண்டர் அட்டையால் விசிறினாள். மாரீஸ்வரி அவர் முதுகைத் தடவிக்கொண்டு என்னைப் பார்க்காமல் இருந்தாள். நான் மீட்டரைத் தட்டிக்கொண்டிருந்தேன். தட்டினால் ஏறும் என்பது போல. மாமியார் ஒரு தடவைதான் பேசினார்.

“மாப்ள, அதை விடுங்க. அவுக கையப் பிடிச்சுக்கோங்க.”

பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது. அடுப்பில் பானை பொங்கி வழிந்து தீயை அணைத்தது. குலவையிட யாரும் போகவில்லை.

பூசாரி தண்ணீர் டேங்கர் இழுக்கும் டிராக்டரோடு வந்தார். டேங்கரைக் கழற்றிவிட்டு, கயிறு கட்டி வேனை இழுத்தார்கள். மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது, மிஷினுக்கும் உயிர் வந்தது. எஞ்சினை அணைக்காமல் விருதுநகர் ஆஸ்பத்திரி வரை ஓட்டினேன். வழியெல்லாம் மீட்டர் பதினான்கு காட்டியதாகத் தனம் பிறகு சொன்னாள். நான் அதைப் பார்க்கவில்லை.

நான்கு நாள் தீவிர சிகிச்சை. அங்கே வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் பேட்டரிக்காரரிடம் போன் போட்டு மிச்சப் பாடத்தைக் கேட்டேன். பன்னிரண்டு வோல்ட் என்பது பேட்டரியின் பெயராம். ஆறவைத்துப் பார்த்தால் பன்னிரண்டே முக்காலுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் நிறைவு. பன்னிரண்டு புள்ளி ஒன்றில் பாதிகூட இல்லை. பதினொன்று புள்ளி எட்டுக்குக் கீழே போனால் காலி. பன்னிரண்டிலிருந்து பூஜ்யம் வரை இறங்கும் என்று நான் நினைத்த படிக்கட்டில் மொத்தமே ஒரு படிதான் இருந்தது.

ஐந்தாம் நாள் மாமா பேசினார். நடந்ததை நானே ஒப்புக்கொண்டேன். மிச்சப் பாடத்தையும் சொன்னேன். மூச்சுக்கு நடுவே நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

“அப்ப, பன்னெண்டுன்னு காட்டும். ஆனா உள்ள ஒண்ணுமில்ல.”

“ஆமா மாமா.”

“எனக்கு வயசு அறுவத்தெட்டுன்னு காட்டுதே, அது மாதிரி.”

அவர் சிரித்தார். நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அவர் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. அய்யனாரை அவர் கடைசிவரை பார்க்கவில்லை. அன்றைக்குச் சந்நிதிக்கும் கட்டிலுக்கும் நடுவே முப்பது அடி இருந்திருக்கும்.

ஒன்றே முக்கால் வருடம் கழித்து ஒரு மார்கழிக் காலையில் இறந்தார். கூடத்தில் கண்ணாடிக் குளிர்பெட்டியில் படுக்கவைத்திருந்தோம். ஊர்ச்சனம் கூடி, பெண்கள் ஒப்பாரி உச்சத்தில் இருந்தபோது கரண்டு போனது. பெட்டி கொண்டுவந்த ஆள் வாசலிலிருந்து ஒரு பேட்டரியைத் தூக்கி வந்தார். பழக்க தோஷம், நான் ஒரு எட்டு முன்னால் வைத்தேன்.

அழுதுகொண்டிருந்த தனம் நிமிர்ந்தாள்.

“அத்தான், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

ஒப்பாரி நின்றது. மாமியார் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு மாரீஸ்வரி, அத்தைமார், சித்திமார் என்று வரிசையாகக் குலுங்கினார்கள். வாசலில் நின்ற ஆண்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று புரியவில்லை. சிரித்து முடித்து, முன்னைவிடச் சத்தமாக அழுதார்கள்.

அவர் இறந்தபோது என் மகளுக்கு ஆறு மாதம். தாத்தாவை அவளுக்கு நினைவில்லை. ஆனால் வீட்டில் கரண்டு போனால், அச்சு அசல் தனம் குரலிலேயே அந்த வரியைச் சொல்கிறாள். நான் தள்ளி நிற்கிறேன்.