வெப்சைட்டுக்கு ஒரு ஜாதகம்

"அந்தப் பிறந்த தேதியை இன்னொரு தடவை காட்டுங்க, தாதா" என்றார் சண்முகம்.

பவானிபூரில் சைபர் கஃபே வைத்திருந்த வங்காளி கோஷ் பெருமூச்சு விட்டார். "பிறந்த தேதி இல்ல, மொஷாய். வெப்சைட் பேரைப் பதிவு பண்ணின தேதி."

"இந்த உலகத்துக்கு வந்த தேதிதானே? எங்க ஜனங்க அதைத்தான் பிறந்த தேதின்னு சொல்லுவோம்."

சண்முகம் கிடர்பூரில் ஒரு கப்பல் ஏஜென்சியில் தலைமைக் குமாஸ்தா. தேதியும் முத்திரையும் சரியில்லாத ஒரு காகிதம் அவர் மேஜையைத் தாண்டிப் போனதில்லை. பையில் மதியச் சாப்பாடு இருக்கிறதோ இல்லையோ, பஞ்சாங்கம் இருக்கும்.

ஒரே பெண் கல்பனா. ஜாதவ்பூரில் படித்து முடித்தவள். வீரபாண்டியன் மகன் தினேஷ்குமாருக்கும் அவளுக்கும் பத்துக்கு எட்டுப் பொருத்தம். தை பிறந்ததும் நிச்சயதார்த்தம் என்று பேச்சு முடிந்திருந்தது. அதற்குள் பையன் பாங்க் வேலையை விட்டுவிட்டு, வெளிநாட்டுக்காரர்களுக்கு வங்காளக் கைத்தறிப் புடவை விற்கும் வெப்சைட் ஒன்றை ஆரம்பித்துவிட்டான்.

இனிமேல் பெண்ணுக்குச் சோறு போடப்போவது அந்த வெப்சைட்தான். அதன் ஜாதகத்தைப் பார்க்காமல் பெண்ணை எப்படிக் கொடுப்பது? சண்முகத்துக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

கோஷ் காட்டிய பக்கத்தில் எல்லாம் இருந்தது. 2003 ஆகஸ்ட் 12. நேரம், பத்து மணி.

"செவ்வாய்க்கிழமை காலை பத்து. பரவாயில்லையே!"

"அது உலகப் பொது நேரம். நம்ம கணக்குக்கு அஞ்சரை மணி சேர்த்துக்குங்க."

சேர்த்தார். மூன்றரை. செவ்வாய்க்கிழமை மூன்றரை மணி என்றால் என்னவென்று பஞ்சாங்கத்தைத் திறக்காமலே அவருக்குத் தெரியும்.

"ராகு காலம்!"

கோஷுக்கு ராகு காலம் புரியவில்லை. எதிரில் இருப்பவர் முகம் புரிந்தது. "சர்வர் இருக்கிறது ஹூஸ்டன்ல, மொஷாய். அங்கே அப்போ விடியக்காலை அஞ்சு மணி."

போன உயிர் திரும்பி வந்தது. அமெரிக்காவில் பிறந்த பிள்ளைக்குப் பவானிபூர் நேரத்தில் ஜாதகம் கணிப்பார்களா? இரண்டு டீ சொல்லிவிட்டு அடுத்த வரியைப் பார்த்தார். முடியும் தேதி: 2004 ஆகஸ்ட் 12.

எந்த ஜோசியரும் ஆயுளை இப்படிப் பட்டவர்த்தனமாக எழுதிக் கொடுத்ததில்லை. டீ அப்படியே ஆறியது.

"ஒரே வருஷமா?"

"பணம் கட்டினா பத்து வருஷத்துக்கு நீட்டலாம். யார் வேணா கட்டலாம்."

விதியை நீட்டிக் கொடுக்கும் கவுன்ட்டர் இருக்கிறதென்று இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று வருந்தியபடி, அங்கேயே நீட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

மனைவி சரோஜா அரிசி களைந்துகொண்டே கேட்டாள். "சர்வர் அங்க இருந்தா என்னங்க? பையன் உக்காந்து பட்டனை அமுக்கினது எங்க?"

"இங்க, பவானிபூர்ல."

"பிரசவம் நடந்த ஊருதானே பிறந்த ஊரு? வளர்ற ஊரையா எழுதுவாங்க?"

சண்முகம் பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தார்.

"ஒரு வருஷத்து ராகு காலத்தைப் பத்து வருஷமாக்கிட்டு வந்திருக்கீங்க" என்று சரோஜா உலையை ஏற்றினாள்.

மறுநாள் ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு மறுபடி கோஷிடம் ஓடினார்.

"தாதா, இது மறுபிறவி எடுக்க வழி உண்டா?"

"அழிச்சிட்டுப் புதுசாப் பதிவு பண்ணலாம். அஞ்சு நிமிஷ வேலை" என்றார் கோஷ். அவர் இதுவரை எதையும் அழித்துப் பார்த்தவரில்லை.

தினேஷ்குமாருக்குப் புடவை தெரிந்த அளவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. வெப்சைட்டைச் செய்து கொடுத்தவன் ஒரு சிநேகிதன். வருங்கால மாமனார் போனில் கேட்டதும் பையன் சந்தோஷமாகப் பாஸ்வேர்டைச் சொன்னான்.

"உங்க திருப்திதான் முக்கியம் மாமா. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

வியாழக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு முகூர்த்தம் குறித்தார் சண்முகம். ஒன்பது மணிக்கு அழித்தார்கள். ஒன்பது பத்துக்குப் பதிவு செய்யப் போனால், பெயர் கிடைக்கவில்லை.

"என்ன தாதா?"

கோஷ் திரையை மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து படித்தார். "அழிச்ச பேரை உடனே வெளியே விட மாட்டாங்களாம். ஒரு மாசத்துக்கு மேல நிறுத்தி வைப்பாங்களாம்."

"அதுவரைக்கும்?"

"வெப்சைட் கிடையாது."

செத்தும் சாகாமல் நடுவில் தொங்கும் நிலைக்குப் பஞ்சாங்கத்தில் பரிகாரம் இல்லை. கிறிஸ்துமஸுக்கு லண்டனிலிருந்து வரவேண்டிய ஆர்டர்கள் நின்றுபோயின. நான்காம் நாள் வீரபாண்டியன் போன் செய்தார்.

"தப்பா நினைக்காதீங்க. பேச்சு முடிஞ்சு நாலு மாசம்கூட ஆகல, பையன் தொழில் படுத்துடுச்சு. என்ன காரணம்னு யாருக்கும் தெரியல. எங்க வீட்டுல பொண்ணோட ராசியைத்தான் சந்தேகப்படுறாங்க. ஜாதகத்தை இன்னொரு தடவை அனுப்புங்க."

காரணம் தெரிந்த ஒரே பெரியவர் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பையன் வாக்குத் தவறாமல் வாயை மூடிக்கொண்டிருந்தான். தன் பெண்ணுக்கா இந்தப் பழி! உண்மையைச் சொல்லத் தைரியமும் வரவில்லை.

கல்பனாதான் அன்று சாயங்காலம் தினேஷிடமிருந்து விஷயத்தைக் கறந்தாள். அப்பாவைக் கோபிக்கவில்லை. பதிவு செய்த கம்பெனிக்கு மெயில் மேல் மெயில் போட்டாள்.

ஒரு வாரத்தில், "அப்பா, அழிச்ச பேரை மீட்டுட்டோம்" என்றாள். "சைட் வந்தாச்சு. ஆர்டரும் வருது. அவங்க வீட்டுலயும் சரியாயிட்டாங்க."

சண்முகம் சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் கோஷிடம் போய்ப் பார்த்தார். மீட்டெடுத்த பெயருக்குப் புதுத் தேதி கொடுக்க மாட்டார்களாம். 2003 ஆகஸ்ட் 12. பத்து மணி. ஆயுள் மட்டும் பத்து வருடமாகி, கெட்டியாக நின்றது.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "சரோஜா, இந்தச் சம்பந்தம் வேண்டாம்."

"பொண்ணுக்குப் பிடிச்சிருக்குங்க. பையன் தங்கம். நீங்க சொன்னதுக்காகத் தொழிலையே நிறுத்தினான்."

"எல்லாம் சரி. நேரம் சரியில்லையே! என் பொண்ணு கண்ணு கலங்கினா என்னால தாங்க முடியாது."

"கலங்காது."

"எப்படிச் சொல்றே? ஜாதகம்னா விளையாட்டா? நம்மளையே எடுத்துக்கோ. இருபத்தேழு வருஷம். ஒரு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருப்போமா? எல்லாம் அந்த ஒன்பது பொருத்தம்! உன் ஜாதகத்தைக் கையில வாங்கின அன்னிக்கே எனக்குத் தெரியும்."

சரோஜா காபி டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"எங்கப்பா உங்ககிட்டக் கொடுத்தது எங்க அக்கா தமயந்தியோட ஜாதகங்க, நான் பிறந்த நேரத்தை யாரும் குறிச்சே வைக்கல."