கசியாத ஃபோர்க் குறித்து மருமகளுக்குத் தாய்மாமன் தரும் விளக்கம்

கள்ளக்குறிச்சி,
ஞாயிற்றுக்கிழமை, இட்லிக்குப் பிறகு.

மலைகளை மிதித்தே தேய்த்துக்கொண்டிருக்கும் வீராங்கனை, என் அக்காள் மகள் இசைவாணிக்கு உன் தாய்மாமன் வீரமணி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் மாமி அம்சவள்ளியும் சுகம். அவ்விடம் உன் சுகத்தையும், போன மாதம் நீ சிராய்த்துக்கொண்ட முழங்காலின் சுகத்தையும் தனித்தனியே அறிய ஆவல்.

இந்த இடத்தில் ‘நிற்க’ என்று எழுதுவது மரபு. நீ உட்கார்ந்துகொள். கீழே வரப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று குலதெய்வத்தின் மேல் ஆணையிட்டு உறுதி கூறுகிறேன். உன் அம்மா நம்பவே மாட்டாள். அவள் நான் பிறந்த தேதியையே நம்பாதவள்.

என்மேல் புகார் என்று உன் செல்லுக்குச் செய்தி வந்ததாமே. நம் ஒப்பந்தம் எனக்கு மறக்கவில்லை. உன் பந்தயக் கூட்டாளிகள் கழற்றிப் போடும் மலை சைக்கிள் ஷாக்குகளையும், முன்சக்கரத்தைப் பிடித்துக் குலுக்கலைத் தாங்கும் ஃபோர்க்குகளையும் நீ பெங்களூரிலிருந்து பார்சல் போடுவாய், நான் இர்ஷாத் பாயின் சைக்கிள் கடை ஓரத்தில் வைத்து விற்பேன், “குறைய மறைக்கக் கூடாது மாமா, ஒரே ஒரு புகார் வந்தாலும் பார்சல் நின்னுடும்” என்றாய். பார்சல் நின்றால் நான் மறுபடி வீட்டில் உட்கார வேண்டும். நான் பகலில் வீட்டில் உட்கார்ந்தால் தன் அம்மா வீடான மூங்கில்துறைப்பட்டுக்குப் பஸ் ஏறிவிடுவதாக உன் மாமி சொல்லியிருக்கிறாள். ஆகவே இதை ஃபோர்க் விவகாரம் என்று நினைக்காதே, குடும்ப விவகாரம்.

மாட்டுத் தரகு பார்த்த வாய் என் வாய். நொண்டி மாட்டை ‘நிதானமான மாடு’ என்று சொல்லிப் பழகியது. அப்பேர்ப்பட்ட வாயை உன் பொருட்டு உண்மைக்கு வாடகை விட்டேன். மாட்டுக்குச் சுழி சொல்வதுபோல ஒவ்வொரு ஷாக்குக்கும் குறை சொன்னேன். இதற்கு வலது காலில் கீறல், இது குளிரில் முனகும், இது ஒருதரம் அமுங்கினால் எழுந்திருக்க யோசிக்கும் என்று ஒளிக்காமல் சொன்னேன். விலையை மட்டும் சந்தை வழக்கப்படி துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேசினேன். ஹெல்மெட் போட்ட பிள்ளைகள் முதலில் கூசினார்கள், இப்போது துண்டு போடாவிட்டால் கையையே நீட்டுவதில்லை. என் நேர்மையின் புகழ் கச்சிராயபாளையம் தாண்டி மலையேறி, கரியாலூர்ப் பலாக்களைப் பருவத்துக்கு முன்பே பழுக்கவைத்தது.

இப்படியிருக்க நைனார்பாளையத்துக் கவியரசன் வந்தான். அவன் அப்பா சந்தையில் என்னிடம் மாடு பிடித்தவர். நீ அனுப்பிய கறுப்பு ஃபோர்க்கில் அவன் கண் விழுந்தது. அதன் மேலெல்லாம் எண்ணெய் பூத்திருந்தது.

“தம்பி, இது கசியும். உள்ள எண்ணெய நிறுத்தற ரப்பர் சீலு போச்சு. ஒரு மலை ஏறி எறங்குனா உன் சாக்ஸு நனையும். வாணாம், உட்டுடு” என்றேன்.

இர்ஷாத் பாய் தலையில் அடித்துக்கொண்டார். “இன்னாண்ணே, யாவாரம் பண்றீங்களா, சாபம் உடறீங்களா?”

கவியரசனுக்கோ முகம் மலர்ந்துவிட்டது. சொந்த மாட்டைப் பழிக்கிறவன் அதை விற்க மனமில்லாதவன் என்பது சந்தையில் பாலபாடம். துண்டுக்கடியில் நான் ஒரு விரலை மடக்கினால் அவன் அதைப் பிரித்து நிமிர்த்தினான். நான் இறக்க, அவன் ஏற்ற, உலக வரலாற்றில் வாங்குகிறவன் விலையேற்றி வென்ற முதல் பேரம் அதுதான்.

அடுத்த வாரமே சைக்கிளை உருட்டிக்கொண்டு, கையில் ஒரு அழுக்குத் துணியோடு வந்து நின்றான்.

“இன்னாண்ணே, உங்கள நம்பி வாங்குனேன். இப்டி ஏமாத்திட்டீங்களே!”

“ஜாஸ்தி கசியுதா தம்பி?”

“ஒரு சொட்டு கசியல! வாங்குன அன்னிக்கி இந்தத் துணியால தொடச்சதோட சரி.”

“நல்லதுதான?”

“இன்னா நல்லது? கசியும்னு நீங்கதான சொன்னீங்க? புது சீலு வாங்கி வச்சிக்கினு, சைக்கிளுக்குக் கீழ சாக்கு விரிச்சிப் போட்டு, அம்மாகிட்ட திட்டு வாங்கிக்கினு காத்துக் கெடக்கறேன். சொன்ன கொற இருந்தா சமாளிச்சிடலாம்ணே. சொன்ன கொற இல்லன்னா, சொல்லாத கொற எங்கியோ இருக்குதுன்னு அர்த்தம். மலை எறக்கத்துல அது வெளிய வந்தா என் பல்லுக்கு யாரு பொறுப்பு?”

“பாயிண்டுதான்” என்றார் பாய், யார் பக்கம் என்று சொல்லாமல்.

“சரிப்பா, ஃபோர்க்கக் குடு. பணத்த வாங்கிக்க.”

அவன் சைக்கிளைக் கட்டிக்கொண்டான். “குடுக்க மாட்டேன். சூப்பரா ஓடுது.”

“அப்போ புகாரு?”

“அது தனி. சந்தையில மாட்ட நடத்திக் காட்டுவீங்க இல்ல? அதேமாரி கரியாலூர் ரோட்டுல இத ஓட்டிக் காட்டுங்க.”

வேட்டியை மடித்துக் கட்டி ஏறினேன், மருமகளே! மலையுச்சியிலிருந்து விட்டேன் சைக்கிளை. முதல் பள்ளத்தில் ஃபோர்க் அமுங்கிய அமுங்கலில் பூமி ஒரு விரற்கடை கீழே போனது, பிறகு அது என்னை விண்ணுக்கு விட்டது. மேலே போகும்போது வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினேன். உச்சியில் நின்று மென்றேன். அங்கிருந்து பார்த்தால் மூங்கில்துறைப்பட்டில் கரும்பு வண்டி நிழலில் உன் மாமியின் தம்பி தூங்குவது தெளிவாகத் தெரிந்தது. இறங்கும்போது துப்பினேன். அருவி என்னை வேடிக்கை பார்க்க ஒரு நிமிஷம் விழாமல் நின்றது. வளைவில் வந்த கரடி ஒதுங்கி வழிவிட்டு, ஹெல்மெட் எங்கே என்று சைகையில் கண்டித்தது. அடிவாரத்தில் வந்து நின்றபோது ஃபோர்க்கில் ஒரு துளி எண்ணெய் இல்லை, கசிந்தது நான்தான். கல்வராயன் மலை மூலிகைக் காற்று பட்டுச் செத்த சீல் உயிர்த்துவிட்டது என்று நான் விளக்க, கவியரசன் காலில் விழுந்து புகாரை வாபஸ் வாங்கினான். ஆகவே வந்தது புகாரே அல்ல, பாராட்டு. பார்சலை நிறுத்தாதே.

உன் செயின் அறாமல், உன் பிரேக் உன்னை மறவாமல், எதிர்க்காற்று உன்னிடம் தோற்று ஓட, வாழ்க! அக்காவுக்கு என் வணக்கம். அவள் வாங்கிக்கொள்ள மாட்டாள், இருந்தாலும் வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஷாக் தரகர் திலகம்,
வீரமணி.

பி.கு.: தோளுக்கு மேலாக இதைப் படித்த உன் மாமி பேனாவைப் பிடுங்கி, “பொய் எழுதி பார்சல் வாங்குவியா?” என்று கேட்டுவிட்டுத் திருப்பித் தந்தாள். ஆகவே: நான் சைக்கிளில் ஏறவில்லை. எனக்கு ஓட்டவும் தெரியாது. கரடி பாவம், அதற்கு இதில் சம்பந்தமில்லை. நடந்தது இவ்வளவுதான். இர்ஷாத் பாய் கவியரசனின் அழுக்குத் துணியை முகர்ந்து பார்த்து, “அண்ணே, இது ஷாக் எண்ணெ இல்ல, நல்லெண்ணெ” என்றார். பார்சலை நான் வைத்திருந்தது சமையலறையில், உன் மாமியின் நல்லெண்ணெய்ச் செம்புக்கு நேர்கீழே. துடைத்து, அமுக்கி, மறுபடி பார்க்காமல் நான் சொன்ன குறை அது. நல்ல ஃபோர்க்கின்மேல் பழி போட்டேன். அதுவும் பொய்க் கணக்கில்தான் சேரும் என்றால் பார்சலை நிறுத்திக்கொள், மாமிக்கு நான் சமாதானம் சொல்கிறேன். ஆனால் மேலே எழுதியதில் ஒரே ஒரு சின்ன விஷயம் நிஜம். என் வாயிலிருந்து வந்த வார்த்தையை அப்படியே நம்பி, நைனார்பாளையத்தில் ஒருவன் சைக்கிளுக்குக் கீழே சாக்கு விரித்துக் காத்திருந்தான். இத்தனை வருஷத் தரகில் எனக்காக ஒருவரும் சாக்கு விரித்ததில்லை.