நெடுந்தீவில் வேலி போன விதம்

வேலணை கிழக்கு,
19.08.1974

என்றும் என் மரியாதைக்குரிய மைத்துனர் தியாகலிங்கம் அவர்கட்கு,

வேலணையிலிருந்து ஆழ்வாப்பிள்ளை எழுதிக்கொள்வது. நானும் உங்கள் தங்கை இராசமணியும் சுகம், மாடும் கன்றும் சுகம், சோளகக் காற்றுத்தான் இம்முறை கொஞ்சம் கடுமை. கொழும்பில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் குறைவில்லாமல் இருக்க அம்பாள் அருள் புரிவாளாக.

தங்களின் கடிதம் கிடைத்தது. ஐம்பது வயதில் என் தங்கை மேடை ஏறப்போகிறாளாம், நீர் பார்த்துக்கொண்டா இருக்கிறீர், என் மூத்தவளுக்குச் சம்பந்தம் பேசுகிற நேரத்தில் இந்தக் கூத்து நடந்தால் இனி உமது வீட்டுப் படலையைத் திறக்கமாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். அத்தான், நான் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு சேதம் வந்திராது. நான் உதவி செய்தேன். கடிதம் என் கைக்கு வந்தது சனிக்கிழமை காலை, நாங்கள் நெடுந்தீவுக்குப் புறப்படுகிற நேரம். தடுக்க நேரம் இருந்தது, தைரியம்தான் இருக்கவில்லை. ஆகவே நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறேன், குற்றவாளி யார் என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

ஊர்காவற்றுறையிலிருந்து ஜசிந்தா என்று ஒரு ரீச்சர் இங்கே பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்தா. வந்த மாதமே வாசிகசாலையில் ஞாயிறு பின்னேரங்களில் நாடகம் வாசிக்கத் தொடங்கிவிட்டா. நடிக்கிறது இல்லை, வெறுமனே வாசிக்கிறது. வட்டமாக இருந்து ஆளுக்கொரு பாத்திரமாக வாசித்தால் முக்கால் மணித்தியாலத்தில் ஒரு நாடகம் முடிந்துவிடும். இராசமணி போனது, எங்கள் பக்கத்து வளவு மருத்துவிச்சி மேரிஜோசப்பின் கூப்பிட்டதால். நான் போனது, இராசமணி போனதால். முதல் நாள் உங்கள் தங்கை விரலை வைத்து வரி வரியாக வாசித்தா, அடைப்புக்குறிக்குள் இருந்ததையும் விடவில்லை. "கண்ணைத் துடைத்துக்கொண்டு ஐயோ என்ரை பிள்ளை" என்று ஒரே மூச்சில் வாசிக்க, எல்லோரும் சிரித்தார்கள், நான் நிலத்தைப் பார்த்தேன். அன்றோடு நிற்பாட்டுவா என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு எனக்கு முன்னே சேலை மாற்றிக்கொண்டு படலையில் நின்றா. நாலாவது ஞாயிறு, கணவனைப் பறிகொடுத்த ஒருத்தியின் பாத்திரத்தை வாசித்தா. நான் பக்கத்தில்தான் இருந்தேன், முழுதாக உயிரோடு. ஆனால் அவ வாசிக்கக் கேட்டு என்னை நினைத்து எனக்கே அழுகை வந்துவிட்டது. இருபத்தாறு வருஷமாக என் வீட்டில் இருந்த குரல் அதுவென்று எனக்குத் தெரியாது, அத்தான். உப்புக் காணுமோ என்று கேட்கிற குரலைத்தான் எனக்குத் தெரியும்.

பிறகு ஜசிந்தா ரீச்சர் தானே ஒரு ஓரங்க நாடகம் எழுதினா. இரண்டே பாத்திரம், மைத்துனிமார். இருவரின் வளவுக்கும் நடுவே வேலி. ஒருத்தி இரவோடு இரவாக அதை ஒரு முழம் தள்ளிப் போட்டுவிட்டாள் என்று மற்றவள் சண்டைக்கு வருகிறாள். இராசமணி ஒருத்தி, மேரிஜோசப்பின் மற்றவள். எனக்கும் வேலை தந்தார்கள். மறந்த வசனத்தைத் திரைக்குப் பின்னால் நின்று எடுத்துக் கொடுக்கிறது. நல்லது, திரை எங்கே என்று கேட்டேன். திரை இல்லை என்றா ரீச்சர். சீன் இல்லை, மேசை இல்லை, வெறும் தரை. வேலி எங்கே என்று கேட்டேன். ஒரு கயிற்றை எடுத்து நிலத்தில் நீட்டாகப் போட்டா.

"பிள்ளை, இது கயிறு," என்றேன்.

"ஓம் ஐயா, கயிறுதான். உங்கடை மனுசி அதை வேலி எண்டு பாத்தா, சனமும் வேலி எண்டுதான் பாக்கும்."

தபால் கந்தோரில் முப்பத்தொரு வருஷம் இருந்த எனக்கு இது விளங்கவில்லை. முத்திரை ஒட்டாத கடிதத்தை முத்திரை இருக்கிறதாக நினைத்து நான் அனுப்பினேனா? அதோடு முதல் மேடையேற்றம் நெடுந்தீவில். அங்கே வளவுக்கு வளவு கல்மதில், தென்னோலைக் கிடுகு வேலியைச் சனம் காண்பதே அரிது. கயிற்றைக் காட்டி வேலி என்றால் மாடு கட்டுகிறதற்கு என்றுதான் நினைப்பார்கள். அதனால் நான் யாருக்கும் சொல்லாமல், நடுகிறதற்கு எட்டுக் கதியால் தடியும் பன்னிரண்டு கிடுகும் எடுத்து, அசல் வேலி ஒன்றைக் கட்டாகக் கட்டிக் குறிகட்டுவான் துறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். கட்டுகிறதற்குக் கயிறு போதாமற் போனதால் ரீச்சரின் நாடகக் கயிற்றையே எடுத்துச் சுற்றினேன். நல்ல தடித்த கயிறு.

துறையில் ரீச்சர் அந்தக் கட்டை ஒரு தரம் சுற்றி வந்து பார்த்தா. இராசமணி, "உங்களுக்கு என்னிலை நம்பிக்கை இல்லை," என்றா. அப்படியில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், அதற்குள் வள்ளம் வெளிக்கிட்டுவிட்டது. நடுக்கடலில் காற்று பிடித்தது. கிடுகு காற்றை வாங்கிப் பாய் மாதிரி எழும்ப, வள்ளம் ஒரு பக்கமாகச் சரிய, கடல் ஒத்துக்கொள்ளாமல் சத்தி எடுத்துக்கொண்டிருந்த இராசமணி சத்திக்கும் சத்திக்கும் இடையில் வசனம் சொல்லிப் பாடமாக்க, வள்ளக்காரன் கத்தினான்: "ஆரின்ரை வேலி ஐயா இது? எறியுங்கோ, இல்லாட்டி எல்லாரும் போவம்!" எறிந்தது நான்தான். என் கையாலேயே எறிந்தேன். எறிந்த பிறகுதான் அதைச் சுற்றியிருந்த கயிறும் போய்விட்டது என்ற ஞாபகம் வந்தது. இப்படியாக, வெறும் கயிறு போதாது என்று சொன்ன நான் அந்தக் கயிறும் இல்லாமற் செய்துவிட்டேன்.

நெடுந்தீவில் இறங்கினவுடன் கயிறு தேடி ஓடியவனும் நானே. பஸ்ரியாம்பிள்ளை என்ற கடற்றொழிலாளி, பாவம், கேட்டவுடன் தன் வள்ளத்தைக் கட்டியிருந்த கயிறு இரண்டில் ஒன்றை அவிழ்த்துத் தந்தார். நாடகமும் பார்க்க வந்து முன்னால் இருந்தார்.

நாலு மணிக்குப் பள்ளிக்கூட முற்றத்தில் தொடங்கியது. நூற்றைம்பது சனம் வரும். நான் பிரதியை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒரு ஓரமாக நின்றேன். இராசமணி வந்தா, கயிற்றுக்கு முன்னால் நின்றா, இல்லாத கதியால் ஒன்றைப் பிடித்து ஆட்டிப் பார்த்தா. அத்தான், நான் சத்தியமாகச் சொல்லுகிறேன், கதியால் ஆடியது. கிடுகு சரசரத்தது எனக்குக் கேட்டது. மேரிஜோசப்பின் அந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்க்கக் கால்விரலில் எழும்பினா, சனமும் இருந்தபடியே கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது! கல்மதில் ஊர்க்காரர் ஒரு கயிற்றுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். இருவரும் வாய்ச்சண்டையில் இறங்கினார்கள். பதினைந்து நிமிஷம் ஒரு வசனமும் நான் எடுத்துக் கொடுக்கத் தேவை வரவில்லை.

சண்டை உச்சிக்குப் போகிற நேரம் பஸ்ரியாம்பிள்ளையர் எழும்பினார். நேரே நடுவுக்கு வந்தார். குனிந்து, வேலியை எடுத்துச் சுருட்டத் தொடங்கினார். பிரதியைப் புரட்டினேன், இப்படி ஒரு பக்கம் அதில் இல்லை. மேரிஜோசப்பின் வாயைத் திறந்தபடி நிற்கிறா. இராசமணி மட்டும் பாத்திரத்தை விட்டு இறங்காமல் இடுப்பில் கையை வைத்துக் கேட்டா:

"என்ன செய்யிறீர்?"

"கடல் கெட்டுப்போச்சு, தங்கச்சி. கயிறு வேணும்," என்றார். தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

இரண்டு பெண்களும் வெறும் நிலத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் கடவுளைக் கூப்பிட்டேன். பிறகு உங்கள் தங்கை, யாரும் எழுதிக் கொடுக்காத, பிரதியில் எங்கும் இல்லாத வசனத்தை, மெல்ல, வீட்டில் கதைக்கிற மாதிரிச் சொன்னா:

"வேலியைக் கொண்டுபோயிட்டான், மச்சாள். இப்ப நாங்கள் எதிலை நிண்டு சண்டை பிடிக்கிறது?"

மேரிஜோசப்பின் நிலத்தைக் குனிந்து தேடினா. "எது என்ரை பக்கம் எண்டே தெரியேல்லையே," என்றா.

சனம் சிரித்தது. சிரித்துக்கொண்டே இருந்தது, பிறகு சிரிப்பு எங்கேயோ நின்றுபோய், முன்வரிசையில் இரண்டு பெண்கள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்கள். கைதட்டு எழும்ப ஒரு நிமிஷம் பிடித்தது. வெளியே வரும்போது ஒரு மனுசி இராசமணியின் கையைப் பிடித்துக் கேட்டா, "பிறகு வேலி போட்டனீங்களோ?" என்று. "இன்னும் இல்லை," என்றா இராசமணி.

வள்ளத்தை இன்னொரு தரம் இறுக்கிக் கட்டிவிட்டுப் பஸ்ரியாம்பிள்ளையர் ஓடி வந்தார். "பிள்ளை, நான் உங்கடை நாடகத்தைக் குழப்பிப் போட்டனோ?" என்று கேட்டார்.

"குழப்பேல்லை அண்ணை," என்றா ஜசிந்தா ரீச்சர், கண் கலங்கி. "மூண்டு மாசமா எனக்கு வராத முடிவு உங்களுக்கு வந்திட்டுது."

"எனக்கு முடிவு ஒண்டும் வரேல்லை. வள்ளம் ஒண்டுதான் போகப் பாத்தது."

திரும்பி வருகிற வழியில் கடல் அடங்கியிருந்தது. இராசமணியிடம், "அந்த வசனம் எப்படி வந்தது?" என்று கேட்டேன். "எனக்குத் தெரியாது. பயத்திலை வந்தது," என்றா. கொஞ்சம் பொறுத்து, "நல்லா இருந்ததோ?" என்றா. நான் ஓம் என்று மட்டும் சொன்னேன். உங்கள் வீட்டில் பிறந்த ஒருத்தி இவ்வளவு பெரியவ என்பதை நீங்கள் அறிந்திருந்தீர்களோ தெரியாது, நான் அறியாமல் இருந்தேன்.

ஆயினும் குடும்ப மானமும் மருமகளின் சம்பந்தமும் முக்கியம். தங்கள் சொல்லை மீறுகிறவன் அல்ல நான். ஒரு நாள் பார்த்தாயிற்று, அது போதும். இனி இராசமணி எந்த மேடையிலும் ஏறமாட்டா என்று இக்கடிதத்தின் மூலம் உறுதியாக வாக்குத் தருகிறேன். மனத்தாங்கலை மறந்து, வருகிற விடுமுறைக்குக் குடும்பத்தோடு வந்து, எங்கள் வீட்டுப் படலையைத் தாங்களே திறக்க வேண்டும். அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

தங்கள் சொல்லுக்கு அடங்கிய மைத்துனன்,
க. ஆழ்வாப்பிள்ளை
(ஓய்வுபெற்ற உபதபால் அதிபர்)

பி.கு.: ஒட்டுவதற்கு முன் இதை இராசமணி வாங்கி வாசித்துவிட்டா. "வாக்குக் குடுத்தது நீங்கள்தானே, அப்ப நீங்கள் ஏறாதேங்கோ," என்றா. அடுத்த மாதம் இருபத்தோராந் திகதி கொழும்பு வெள்ளவத்தையில் நாடகமாம், நாலு பேரும் தங்கப்போவது தங்கள் வீட்டிலாம். புது நாடகத்தில் கோபக்கார அண்ணன் ஒருவன் வருகிறான், அதற்கு வேலணையில் ஆள் அகப்படவில்லை. "அண்ணைதான் செய்யவேணும், வேறை ஒருத்தருக்கும் அது வராது," என்று உங்கள் தங்கை ரீச்சருக்குச் சொல்லிவிட்டா. மூன்றே வசனம், இத்துடன் இணைத்திருக்கிறேன், பாடமாக்கி வைக்கவும். கதிரை தரமாட்டார்கள், நின்றபடியேதான் கோபிக்க வேண்டும்.