காப்புறுதிக்காக ஒரு கந்தசஷ்டி

விலை குறைத்துக் கேட்காமல் ஒரு பொருளை வாங்கினால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. புறக்கோட்டையில் மின்சாரச் சாமான்கள் மொத்தமாக விற்கும் கடையொன்றில் இருபது வருடமாக விற்பனைப் பகுதியைப் பார்க்கிறேன். நாள் முழுக்க ஆட்கள் விலையைக் குறைக்கச் சொல்லி என்னிடம் கழிவு கேட்பார்கள். அந்தக் கடுப்பை நான் பின்னேரம் வெள்ளவத்தைச் சந்தையில் கத்தரிக்காய்க்காரரிடம் தீர்ப்பேன். இந்தப் பழக்கம் முற்றிப்போய் ஒரு வருடம் முருகப்பெருமானிடமே கழிவு கேட்டேன், அதுவும் காப்புறுதிக் கொம்பனிக்குக் காட்டுவதற்காக. அந்தக் கதையை வீட்டில் மற்றவர்கள் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் ஒரு கிண்ணம் பாயாசத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். நானே எழுதிவிட்டால் பாயாசமாவது இரண்டு கிண்ணத்தோடு நிற்கும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்துக்கு ஒரு மருத்துவக் காப்புறுதி உண்டு. பத்திரத்தில் நாலு வரி. முதல் வரியில் நான், அடுத்தது மனைவி சுகந்தி, பிறகு மகள் அபிநயா, கடைசி வரியில் சுகந்தியின் அப்பா, அதாவது என் மாமா. ரயில்வேயில் கார்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்தொன்று. மாமி போனபிறகு எங்களோடுதான் இருக்கிறார். அவருடைய கண்ணில் படலம் வெட்டியபோது இந்தக் காப்புறுதிதான் கைகொடுத்தது. அதனால் சுகந்திக்கு அந்தப் பத்திரம் சாமிப்படத்துக்கு அடுத்தபடி. சாமி அலுமாரிக்குள்ளேதான் அதை வைத்திருக்கிறாள்.

ஆனால் வருடா வருடம் கட்டுப்பணத்தைக் கூட்டிக் கடிதம் வரும். முதல் வருடம் பெருமூச்சு விட்டேன். அடுத்த வருடம் கொம்பனிக்காரர்களுக்கு இரண்டு வார்த்தை ஏசினேன் (அவர்களுக்குக் கேட்கவில்லை). மூன்றாம் வருடம் கடிதத்தைப் படித்துவிட்டு, நின்ற இடத்திலேயே கதிரை தேடி உட்கார்ந்தேன். பிள்ளையின் டியூஷன், வீட்டு வாடகை, கரண்ட் பில் எல்லாம் வரிசையாகக் கண்முன்னே வந்து போயின.

எங்கள் முகவர் கஜன், கொட்டாஞ்சேனையில் இருந்து ஸ்கூட்டரில் வருகிறவர். அவர் வந்தபோது ஒரு வேலை செய்தேன். இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. அவரைப் பல்கனிக்குக் கூட்டிக்கொண்டு போய், கதவைச் சாத்திவிட்டு, கடைசி வரி இல்லாவிட்டால் எவ்வளவு வரும் என்று மெதுவாகக் கேட்டேன். மாமா என்று சொல்ல வாய் வரவில்லை, வரி என்றுதான் சொன்னேன். அவர் ஃபோனில் தட்டிப் பார்த்துக் காட்டினார். கிட்டத்தட்டப் பாதி.

விலைதான் கேட்டேன், வாங்கவில்லையே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். (புறக்கோட்டையில் விலை கேட்டவன் பாதி வாங்கியவன் என்பது எனக்குத் தெரியாதா?)

கஜன் இன்னொரு வழியும் சொன்னார். நாற்பத்தைந்து தாண்டியவர்கள் ரத்தப் பரிசோதனை செய்து, முடிவு நன்றாக இருந்தால் போன வருடக் கட்டுப்பணத்துக்கே தருவார்களாம். எங்கள் வீட்டில் அது நானும் மாமாவும். "ஒரு கிழமை வாயைக் கட்டினா ரிப்போர்ட் வடிவா வரும் அண்ணை" என்றார்.

மாமா பிளேன்டீக்கு மூன்று கரண்டி சீனி போடுகிறவர். பின்னேரம் கடற்கரைப் பக்கம் நடக்கப் போனால் இரண்டு வடையும் ஒரு சரை கடலையும் இல்லாமல் திரும்ப மாட்டார். அவருடைய ரத்தத்தில் சீனி இல்லாமல் வேறு என்ன இருக்கப்போகிறது? பரிசோதனையில் அவர் தவறினால், கொம்பனிதான் வெட்டச் சொன்னது என்று சுகந்தியிடம் சொல்லலாம், பழி என்மேல் வராது. அவர் தப்பினால் பழைய விலை. எப்படிப் பார்த்தாலும் எனக்கு லாபம். நான் யோசிக்காமல் விட்டது என்னுடைய ரத்தத்தை மட்டும்தான்.

வாயைக் கட்டுவது எப்படி என்று யோசிக்கும்போதுதான் கலண்டரில் கந்தசஷ்டி கண்ணில் பட்டது. ஆறு நாள் விரதம். சுகந்தி வருடா வருடம் பிடிக்கிறவள். நான் அந்த ஆறு நாளும் அவள் பார்க்காத நேரம் ஹோட்டலில் கொத்து ரொட்டி சாப்பிடுகிறவன். விரதம் முடிந்த அடுத்த நாள் காலை ஏழரைக்குப் பரிசோதனை என்று நாள் குறித்தேன். காப்பும் கட்டிக்கொண்டேன். முருகனுக்கும் கொம்பனிக்கும் ஒரே விரதம், ஒரே செலவு. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

சுகந்தி உருகிப்போனாள். "இவர் மாறிட்டார் அக்கா" என்று அவள் ஃபோனில் சொல்வது கேட்டபோது நெஞ்சுக்குள் குத்தியது. ஆனால் மூன்றாம் நாளுக்குப் பிறகு குத்துவதற்கு அங்கே இடமில்லை, முழுக்கப் பசி. நாளுக்கு ஒரு தம்ளர் பாலும் இரண்டு கதலிப்பழமும். கடையில் ஒருவர் வயர் சுருள் கேட்க, எனக்கு இடியப்பம் தெரிந்தது. மாமா விரதம் பிடிப்பதில்லை. எனக்கு முன்னால் இருந்துகொண்டே மூன்று கரண்டி சீனியையும் ஆறுதலாகக் கலக்குவார். அந்தக் கரண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, கலக்குங்கோ மாமா, ஏழாம் நாள் தெரியும் என்று மனதுக்குள் கறுவினேன்.

ஏழாம் நாள் வந்தது. முந்தின நாளே சூரன்போர் பார்த்து, கும்பிட்டு, விரதம் முடிந்தாயிற்று. விடியற்காலையில் பாறணை. விரதம் பிடித்தவர் நேரத்துக்குப் பாறணை சாப்பிட்டு முடித்தால்தான் விரதம் நிறைவு. சுகந்தி பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போகவேண்டியவள் என்பதால் இருட்டோடு எழும்பிச் சமைத்திருந்தாள். கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய், பருப்பு, பயற்றங்காய், அப்பளம், வடை, பாயாசம். நெய்வாசம் படியில் இறங்கிக் கீழ்வீடுவரை போயிருக்கும்.

இலையைப் போட்டபிறகுதான் சுகந்திக்கு ஞாபகம் வந்தது. இண்டைக்கு டெஸ்ட் எல்லோ, வெறும் வயிற்றில் போகவேண்டாமோ என்று கேட்டாள். வேண்டுமென்றால் நாளை மாற்றலாம் என்றும் சொன்னாள்.

அந்த நேரத்தில் நான் சொன்ன பதிலை எங்கள் வீட்டில் இன்றைக்கும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். "கொம்பனி கேட்டது எட்டு மணித்தியாலம். நான் குடுத்தது நூற்றி நாப்பத்திநாலு. இதில ஒரு சாப்பாடு போனா என்ன குறையப்போகுது?"

சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது அது எனக்குப் பூரண நியாயமாகத்தான் தெரிந்தது. ஆறு நாள் பட்டினி கிடந்தவனுக்கு வடையைப் பார்த்துக்கொண்டே வேறு நியாயம் தோன்றாது.

மாமாவும் மேசையில்தான் இருந்தார், முன்னால் ஒரு தம்ளர் தண்ணீரோடு. முதல் நாள் இரவு ஏழரைக்குப் பிறகு அவர் வாயில் பச்சைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் படவில்லை. ரயில்வேக்காரர், சொன்னால் சொன்ன நேரம். நான் இரண்டாவது கிண்ணம் பாயாசத்தை எடுத்தபோது மட்டும் மெதுவாகச் சொன்னார். "தம்பி, பாயாசம் வேண்டாம் போல கிடக்கு."

அவருக்கு ஆசை, அதுதான் என்று நினைத்துக்கொண்டு கிண்ணத்தை வழித்து நக்கினேன்.

பரிசோதனை நிலையம் காலி வீதியில், ஆட்டோவில் ஐந்து நிமிடம். தாதி சிங்களப் பிள்ளை. ஒன்றும் சாப்பிடவில்லைத்தானே என்ற அர்த்தத்தில் "மொகுத் கேவே நெத்த மாத்தயா?" என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்தி, "தவஸ் ஹயக்" என்றேன். ஆறு நாள். அவர் பேனாவை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பரிசோதனைப் பத்திரத்தில் அப்படியே எழுதினார், ஆறு நாட்கள் உணவில்லை என்று. நான் கீழே கையெழுத்து வைத்தேன்.

ரத்தம் கொடுத்தபிறகு மாமா வெளியில் வடை தேடிப் போனார். நான் குளிர் அறையில் இருந்து சுகமாக ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தேன். அரை மணித்தியாலத்தில் டொக்டரே எழும்பி வந்தார், பின்னால் தாதி ஒரு சக்கர நாற்காலியோடு. பாவம் மாமா, அவருக்குத்தான் என்று நினைத்தேன். சக்கர நாற்காலி எனக்கு முன்னால் வந்து நின்றது.

ஆறு நாள் ஒன்றும் சாப்பிடாத மனிதனுக்குச் சீனி இவ்வளவு ஏறி நின்றால் எந்த டொக்டர்தான் சும்மா இருப்பார்? என்னை ஒரு கட்டிலில் போட்டார்கள். நெஞ்சில் வயர் ஒட்டினார்கள். கையில் சேலைன் ஏற்ற நரம்பு தேடினார்கள். ஒருவர் அம்புலன்ஸுக்குச் சொல்லலாமா என்று கேட்டார், இன்னொருவர் சுகந்திக்கே ஃபோன் போட்டுவிட்டார். உண்மையைச் சொன்னால் பத்திரத்தில் பொய்க் கையெழுத்து. கொம்பனிக்குத் தெரிந்தால் நாலு வரியும் ஒரேயடியாகப் போகும். பாயாசத்தைச் சொல்வதா, அம்புலன்ஸில் ஏறுவதா என்று நான் உண்மையாகவே யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

அப்போதுதான் மாமா கைலேஞ்சியில் எண்ணெயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். கட்டிலைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், டொக்டரிடம் என்ன விஷயம் என்று கேட்டார். கேட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ரயில்வேச் சிங்களத்தில், நேர அட்டவணை வாசிக்கிற மாதிரி வாசித்தார். ஐந்து பத்துக்கு முதல் சோறு. ஐந்து இருபதுக்கு இரண்டாவது சோறு, கத்தரிக்காயோடும் நாலு வடையோடும். ஐந்து முப்பதுக்குப் பாயாசம். ஐந்து முப்பத்தைந்துக்கு இன்னொரு பாயாசம், அது அட்டவணையில் இல்லாத விசேஷ வண்டி.

முதலில் தாதி சிரித்தார். பிறகு டொக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆறு நாள் காய்ந்த உடம்பில் இப்படி இறக்கினால் சீனி ஏறாமல் என்ன செய்யும் என்று கேட்டுவிட்டு, பத்திரத்தைக் கிழித்துப்போட்டு, பத்து நாள் கழித்து ஒழுங்காக வரச் சொன்னார். அந்த நேரம் பார்த்துச் சுகந்தி, கண்ணெல்லாம் சிவந்து, "ஐயோ, நான்தான் இவரைப் பட்டினி போட்டனான்" என்று அழுதுகொண்டு உள்ளே ஓடிவந்தாள். எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து நின்றாள். பிறகு மாமா அட்டவணையைத் தமிழில் இன்னொரு முறை வாசிக்க வேண்டியிருந்தது.

இதோடு முடிந்திருந்தால் நல்லது. பத்து நாள் கழித்து ஒழுங்காக வெறும் வயிற்றோடு போனேன். அப்போதும் சீனி கொஞ்சம் கூடத்தான் நின்றது. சீனி வருத்தம் இன்னும் வரவில்லை, வாசலில் வந்து செருப்பைக் கழற்றுகிறது என்றார் டொக்டர். அத்தனை வருடம் ஒளித்துத் தின்ற கொத்து ரொட்டியெல்லாம் எழுத்தில் வந்து நின்றது. மாமாவின் முடிவில் ஒரு குறையும் இல்லை. சீனி, கொழுப்பு, பிரஷர், எல்லாம் அளவோடு. அந்த மூன்று கரண்டியையும் அவர் நடந்தே கரைத்திருக்கிறார்.

கஜன் புதிய பத்திரங்களோடு வந்தார். முன் அறையில் எல்லாரும் இருந்தோம். அவர் நல்ல மனுஷன், ஒளித்துக் கதைக்கத் தெரியாதவர்.

"அண்ணை, அண்டைக்கு மாமா இல்லாட்டி எவ்வளவு வரும் எண்டு கேட்டனீங்கள்தானே?" என்றார். "இப்ப போட்டுப் பாத்தன். மாமாவால ஒரு பிரச்சினையும் இல்லை. உங்களை எடுத்தாத்தான் குறையுது."

சுகந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை விட அம்புலன்ஸே மேல். அபிநயா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் நிலத்தில் மாபிளில் இருந்த ஒரு கீறலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தில் எனக்கு உண்மையாகவே கண் கலங்கியது.

மாமா பிளேன்டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். கோப்பையை வைத்தார்.

"வேண்டாம் தம்பி," என்றார் கஜனிடம். "அவரும் இருக்கட்டும். எங்கட வீட்டு ஆள்தானே."

பிறகு அலுமாரியில் இருந்து பழைய பத்திரத்தை எடுத்துவரச் சொன்னார். அதை அவர் பூதக்கண்ணாடி வைத்து ஒரு எழுத்து விடாமல் படித்திருந்தார். விலையை மட்டும் பார்த்து ஏசிக்கொண்டிருந்த நான் ஒரு நாளும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. சிங்கப்பூர் போய் வைத்தியம் செய்யும் வசதி ஒன்று அதில் இருந்ததாம். களுபோவில ஆஸ்பத்திரிக்கே பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது எதற்கு? தனி அறைக்குப் பதிலாக இரண்டு பேர் அறை போதும் என்றார். சின்னச் சின்னச் செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், பெரிதாக வந்தால் கொம்பனி பார்க்கட்டும் என்றார். கஜன் தட்டித் தட்டிப் பார்த்தார். என் சீனியையும் சேர்த்து, பழைய விலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. இருபது வருட விற்பனைக்காரன் நான் செய்தது, கஜனுக்குப் பேனா எடுத்துக் கொடுத்தது மட்டும்தான்.

சுகந்தி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் காப்புறுதியைத் தன் பெயருக்கு மாற்றினாள். இப்போது முதல் வரி சுகந்தி, அடுத்தது மாமா, பிறகு அபிநயா, கடைசி வரி நான். பின்னேரங்களில் மாமாவோடு கடற்கரை ஓரம் நடக்கிறேன். வடைக்காரரைக் கண்டதும் அவர் வாங்குவார், நான் கடலைப் பார்ப்பேன். கந்தசஷ்டிப் பாறணைக்கு இன்றைக்கும் என் இலைக்குப் பக்கத்தில் முதலில் ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீர் வைப்பார்கள், டெஸ்ட் ஏதும் இருக்கிறதோ என்று கேட்டுவிட்டுத்தான் சோறு போடுவார்கள்.

போன மாதம் புதுப்பிக்கும் பத்திரம் வந்தது. அபிநயா மேசையில் இருந்து நிரப்பிக்கொண்டிருந்தாள். மாமா பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். நான் பத்திரிகை படிப்பதுபோல இருந்தேன்.

"அப்பாவின்ர பேரைக் கடைசியில போடாதை பிள்ளை," என்றார் மாமா. "மேல எழுது. கடைசியில கிடக்கிற பேரைத்தான் ஆக்கள் வெட்டப் பாப்பினம்."