புகைக்கொட்டகையில் காய்ந்த கல்யாணச் சேலை

ஈரத்துணி விஷயத்தில் எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் யோசனை கேட்பதில்லை. சமையலுக்குக் கேட்பார்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கேட்பார்கள், சம்பந்தி வீட்டுச் சண்டைக்குக்கூடக் கேட்பார்கள். மழை பிடித்து வீட்டுக்குள் நாலு துணி தொங்கினால் மட்டும், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே யாராவது ஒருவர், "நீங்க உக்காருங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுவிடுவார்கள். இந்த மரியாதைக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை மற்றவர்கள் சொல்லிப் பலமுறை கேட்டுவிட்டேன். ஒரு தடவையாவது நானே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. கல்யாணமாகி ஏழு மாதம். என் வீட்டுக்காரர் லாயாங் லாயாங் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது ஆபீசில் எழுத்து வேலை. நான் ஜொகூர் பாருவில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். தையல், இஸ்திரி, கறை எடுப்பது என்று அவர்கள் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். தோட்டத்தில் யார் வீட்டுத் துணியில் கறை பட்டாலும் நோட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். (யாரும் கூப்பிட்டதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

எங்களோடு இருந்தவள் என் நாத்தனார் செசிலி. தாய் தகப்பன் இல்லாத பெண். செடெனாக் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுகளைத் தரம் பிரிக்கும் வேலை பார்த்த சூசை என்பவருக்கு அவளை நிச்சயம் செய்திருந்தோம். மாப்பிள்ளை தங்கமான மனிதர். அவருடைய அம்மாதான் கொஞ்சம் முறைப்பு. நிச்சயத்தன்று எங்கள் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "டவுன்ல பொண்ணுங்க வெள்ளைப் பட்டுலதான் கோயிலுக்கு வருவாங்க. இங்க எப்படியோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த 'எப்படியோ' செசிலிக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அண்ணனை இழுத்துக்கொண்டு சிங்கப்பூருக்கே போய், சிராங்கூன் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, மெல்லிய வெள்ளிச் சரிகை போட்ட பால்வெள்ளைப் பட்டை அவளே பார்த்து எடுத்தாள். அந்தப் பெண் ஆசைப்பட்டுக் கேட்ட பொருள் என்று நான் பார்த்தது அது ஒன்றுதான்.

வாங்கிக்கொண்டு திரும்பியது செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை கல்யாணம். கிறிஸ்துமஸ் முடிந்தும் மார்கழி மழை ஒன்பது நாளாக விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. ரயிலடியிலிருந்து வந்த மாட்டுவண்டி தோட்டத்து வளைவில் ஒரு பக்கமாகச் சாய, சேலைப் பொட்டலம் நேராக வாய்க்காலில் போய் விழுந்தது. எடுத்துப் பிரித்தால் பட்டு எது, செம்மண் எது என்று தெரியவில்லை.

செசிலி அழ ஆரம்பித்தாள். கல்யாணத்தைத் தள்ளிப்போடவும் வழியில்லை. சாமியார் எங்கள் தோட்டத்துக் கோயிலுக்கு வருவது எப்போதாவது ஒருமுறை. இதை விட்டால் அடுத்த வருகை தவக்காலத்தில். தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. என் கல்யாணச் சேலையைக் கொடுக்கலாம் என்றால், அதை எங்கள் ஊர்க் கோயிலில் மாதா சுரூபத்துக்குச் சாத்தக் கொடுத்துவிட்டேன். மாதாவிடம் போய்த் திருப்பிக் கேட்கவா முடியும்?

"அழாதே செசிலி. அண்ணி இருக்கேன்ல?" என்று நோட்டை எடுத்தேன்.

துவைத்ததில் ஒரு குறையும் இல்லை. இதை எங்கே வேண்டுமானாலும் நின்று சொல்வேன். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, கசக்காமல், பிழியாமல், பத்துத் தண்ணீர் மாற்றி, அந்தச் சேலையைப் பழையபடி பாலாக்கிவிட்டேன். "அலமாக்! அண்ணி, நீங்க கெட்டிக்காரி லா" என்று வாயைப் பிளந்தாள் செசிலி. அந்த வார்த்தைதான் என் தலைக்கு ஏறியது என்று நினைக்கிறேன்.

இனி காயவைக்க வேண்டும். வெளியே மழை. வீட்டுக்குள் கொடி கட்டிப் போட்டோம். செவ்வாய் சாயந்திரம் போட்ட சேலை புதன் காலையிலும் சொட்டிக்கொண்டிருந்தது. காற்றே இல்லை. ஆளுக்கொரு முறத்தை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் இரண்டு பக்கம் நின்று விசிறினோம். எங்கள் தலைமுடிதான் காய்ந்தது. கரிப்பெட்டியை வைத்துத் தேய்க்கலாம் என்று பார்த்தால், முதல் இழுப்பிலேயே ஒரு பொறி பறந்து, உள்முனையில் கடுகளவு ஓட்டை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். கடைசியில், பிள்ளைத் துணி காயவைப்பதுபோல, கரிச்சட்டிமேல் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் சேலையை விரித்தோம். இது பலித்தது! கூடை அகலத்துக்கு ஒரு வட்டம் நன்றாகக் காய்ந்தது. அடுத்த வட்டத்துக்கு நகர்த்தினால் காய்ந்த வட்டம் மறுபடியும் ஈரமானது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கூடை நல்ல கூடைதான், சின்னதாக இருப்பதுதான் குறை. பெரிய கூடை எங்கே கிடைக்கும்? ஒன்பது நாள் மழையிலும் இந்தத் தோட்டத்தில் ஒன்று மட்டும் தவறாமல் காய்ந்துகொண்டிருந்தது. அது ரப்பர்.

ஆலைக்குப் பக்கத்தில் புகைக்கொட்டகை இருந்தது. ரப்பர் பாலை உறையவைத்து அழுத்தி எடுத்த ஷீட்டுகளை அங்கே மூங்கில்களில் தொங்கவிடுவார்கள். அடியில் விறகு புகைந்துகொண்டே இருக்கும். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் கூட்டிப்போய்க் காட்டியிருந்தார். ஷீட்டுகள் வெள்ளையாகத்தான் உள்ளே போகும், பழுப்பாகத்தான் வெளியே வரும். அதை நான் பார்க்காமல் இல்லை. ஆனால் வெல்லம் காய்ச்சினால் நிறம் மாறுகிற மாதிரி, காய்ந்தால் பழுப்பாவது ரப்பரின் குணம் என்று நானாக முடிவு செய்திருந்தேன். புகைக்கும் நிறத்துக்கும் உள்ள சம்பந்தம் நோட்டில் இல்லை.

என் வீட்டுக்காரர் அன்று காலையே சாமியாரை அழைத்துவர ரயிலேறிவிட்டார். தடுக்க ஆளில்லை. ஈரச்சேலையைப் பாத்திரத்தில் வைத்து, குடையைப் பிடித்துக்கொண்டு, நேராகப் புகைக்கொட்டகைக்குப் போனேன். அங்கே பொறுப்பாக இருந்தவர் மாடசாமி அண்ணன். இருபது வருடமாக அந்தப் புகையில் இருந்து கண்ணெல்லாம் சிவந்து கிடக்கும் மனிதர்.

"கிராணியம்மா, இது சீலைங்க. இங்க ஷீட்டுதாங்க தொங்கும்."

"ஷீட்டு காயுதா இல்லையா?"

"காயுதுங்க."

"அப்ப சீலையும் காயும்."

"காயும்ங்க. ஆனா புகை இருக்குங்களே..."

"புகை மேல போயிடும், அண்ணே."

"அது சரிங்க. சீலையும் மேலதாங்க தொங்கப்போவுது."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் எப்படிச் சொல்ல முடியும்? நான் கேட்டால்தானே. "நான் படிச்சிருக்கேன்" என்றேன். (எதைப் படித்தேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.) அவர் ஒரு பெருமூச்சு விட்டு, நல்ல மூங்கில்களாகப் பார்த்துத் துடைத்து, சேலையை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டார். "கதவைச் சாத்திட்டா காலைலதாங்க தொறப்போம். நடுவுல தொறந்தா சூடு போயிடும்" என்றார். நான் குடையைச் சுழற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து, செசிலியிடம் பெருமையாக, "எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டேன்" என்றேன்.

வியாழன் காலை மாடசாமி அண்ணன் கதவைத் திறந்தார். திறந்தவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

சேலை காய்ந்திருந்தது. அதில் ஒருவரும் குறை சொல்ல முடியாது. மொறமொறவென்று காய்ந்திருந்தது. ஆனால் கருப்பட்டிக் காப்பியில் ஒரு சொட்டுப் பால் விட்ட நிறத்தில் இருந்தது. வெள்ளிச் சரிகை செம்பாகிவிட்டது. மூங்கில் பட்ட இடத்தில் மட்டும் புகை ஏறாமல், மடிப்புக்கு ஒன்றாக வெள்ளைக் கோடுகள். வாசனையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்தச் சேலைக்கு முன்னால் அதன் வாசனை வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

செசிலி முன்னால் அதை விரித்தபோது எனக்கு உயிரே போய்விட்டது. மன்னிப்புக் கேட்கத் தொடங்கி, பாதியில் நான்தான் ஓவென்று அழுதேன். அவள் ஆசையை நான் கரியாக்கிவிட்டேன் என்ற வருத்தம் ஒரு பக்கம். மாப்பிள்ளையின் அம்மா அன்று 'எப்படியோ' என்று சொன்னது இப்படியாகிவிட்டதே என்ற பயம் ஒரு பக்கம். செசிலி சேலையைத் தொட்டுப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். இருமினாள்.

"வேற சேலை இருக்கு செசிலி. அந்தப் பச்சைப் பட்டு..."

"வேணாம் அண்ணி. இது நான் பாத்து எடுத்தது. ரெண்டு நாளா தூங்காம நீங்க பாடுபட்டது. நான் இதையேதான் கட்டிக்குவேன். எந்திரிங்க, மடிப்பு எடுத்து விடுங்க."

நான் அழுதுகொண்டே மடிப்பு எடுத்தேன். அவளும் பின்னால் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுகையா, புகையா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

பத்து மணிக்குக் கோயில் நிறைந்திருந்தது. செசிலி உள்ளே வந்ததும் வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. வரிசை வரிசையாக மூக்குகளும் சுருங்கின. அப்போதுதான் சாமியாரோடு ரயிலில் அலுத்து வந்திருந்த என் வீட்டுக்காரர், ஆலையில் ஏதாவது தீப்பிடித்துவிட்டதா என்று ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மா முன்வரிசையில் இருந்து சேலையை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது என்ன கலரும்மா?"

"சிங்கப்பூர்ல இப்ப இதாங்க புதுசு" என்றேன். கோயிலுக்குள் நின்று சொன்ன பொய். பிறகு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன்.

"வாசனையுமா புதுசு?"

நான் ஜெபப்புத்தகத்தைத் திறந்துகொண்டேன். செசிலி பீடத்துக்கு முன்னால் தலையைக் குனிந்து நின்றாள். அப்போது மாப்பிள்ளை சூசை திரும்பினார். ஒரு தரம் மூச்சை நன்றாக இழுத்தார். அவர் முகத்தில் ஏதோ பழக்கமான ஒன்றைக் கண்டுகொண்ட களை வந்தது. முந்தானை நுனியை இரண்டு விரலால் பிடித்து, தினமும் வேலையில் ஷீட்டைப் பிடிக்கிறாரே, அதேபோல ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். ஒரு கண்ணை மூடி, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பார்வையை ஓட்டினார்.

"என்னடா பண்றே?" என்றார் அம்மா.

"முதல் தரம்மா" என்றார் சூசை, கோயிலுக்கே கேட்கும்படி. "ஒரு கொப்புளம் இல்ல, பூஞ்சணம் இல்ல, மூங்கில் கோட்டைத் தவிர ஒரே சீரா புகை ஏறியிருக்கு. இந்த மழைக்காலத்துல எங்க தோட்டத்துலகூட இப்படி வரல."

பின்வரிசையில் நின்ற மாடசாமி அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார். யாரோ சிரித்தார்கள். அப்புறம் கோயிலே சிரித்தது. சாமியார் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார். அந்த அம்மாகூட உதட்டைக் கடித்துப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டார். செசிலி தலையை நிமிர்த்தி மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், அதற்கு ஆயிரம் வெள்ளைப் பட்டு கொடுக்கலாம்.

அந்தச் சேலை இன்னும் செசிலியின் பெட்டியில் இருக்கிறது. எத்தனையோ பட்டை அரித்த பூச்சி அதன் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. எங்கள் குடும்பத்தில் எது நன்றாக அமைந்தாலும் அது 'முதல் தரம்'. பிள்ளை பிறந்தாலும் அப்படித்தான், மீன் குழம்பு ருசித்தாலும் அப்படித்தான்.

போன வருடம் செசிலியின் மகளுக்குக் கல்யாணம். பளிச்சென்ற வெயில் நாள். பனிபோல வெள்ளைப் பட்டில் பெண் கோயில் வாசலில் வந்து நின்றாள். நரைத்த தலையோடு சூசை வந்து, மகளின் முந்தானையை இரண்டு விரலால் பிடித்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கினார். எல்லோரும் காத்திருந்தோம். அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, வருத்தமாகத் தலையை ஆட்டினார்.

"ரெண்டாம் தரம்தான் அக்கா. புகை பத்தல."