ஆறாவது ஸ்டேடியத்துக்கு ஒரு பெரியம்மா

லீவுக்காகக் கொச்சியில் ஒரு பெரியம்மாவைச் சாகடித்த தங்கப்பாண்டி, முதலாளி சீனிச்சாமி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நாங்களும் வாரோம்ப்பா" என்று சொல்வார் எனக் கனவிலும் நினைக்கவில்லை.

தேவாரத்தில் சீனிச்சாமியின் ஏலக்காய்க் கடையில் அவன் எடை போடுகிறவன். பன்னிரண்டு ஸ்டேடியங்களில் உட்கார்ந்து கால்பந்து பார்த்துவிட வேண்டும் என்பது அவன் வைராக்கியம். பந்தாட்டம் பார்க்க எந்தக் கடையிலும் லீவு தரமாட்டார்கள். கேதத்துக்கு, அதாவது சாவுக்குப் போய்த் துக்கம் கேட்க என்றால் தருவார்கள். அதனால் திருச்சூர் ஸ்டேடியத்துக்கு ஒரு சித்தப்பா, கோழிக்கோட்டுக்கு ஓர் அத்தை, பிறகு கண்ணூர், திருவனந்தபுரம், கோயம்புத்தூர் என்று இரண்டு வருஷத்தில் ஐந்து பேரை அனுப்பி வைத்திருந்தான். அவர்களில் ஒருவரும் பிறக்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

ஆறாவது, கொச்சி. மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு நேஷனல் லீக் ஆட்டம். டிக்கெட் சட்டைப் பையில் இருந்தது.

"ரொம்பத் தூரம் முதலாளி. நீங்க எதுக்கு அலைஞ்சுக்கிட்டு?"

"அஞ்சு சாவுக்கும் நீ மட்டும் போயிட்டு வந்துட்ட. ஒரு கேதமாச்சும் கேக்கலைன்னா ஊருல எங்களைக் காறித் துப்புவாக."

விடிந்ததும் அவன் வீட்டு வாசலில் வேன் நின்றது. முன்சீட்டில் முதலாளி. பின்னால் ஏலக்காய் பொறுக்கும் பெண்கள் நாலு பேர், பெரிய ரோஜா மாலை ஒன்று, தூக்குவாளி நிறையப் புளிச்சோறு. தங்கப்பாண்டி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். போன் வந்ததென்றும், நேற்றே எடுத்துவிட்டார்கள் என்றும், இனி யாரும் வரத் தேவையில்லை என்றும் சொன்னான்.

"எடுத்தா என்ன? கேதம் கேக்குறது இருக்குறவுககிட்டத்தானப்பா. ஏறு."

ஏறினான். குமுளி மலையில் தலை சுற்றுகிறது, திரும்பிவிடலாம் என்றான். பொறுக்குகிற பெண்களில் மூத்தவளான பூமாரி ஒரு எலுமிச்சம்பழத்தை அவன் மூக்கில் வைத்து அழுத்தினாள். ஒவ்வொரு வளைவிலும் அவன் கடிகாரத்தைப் பார்த்தான். அவன் பார்க்கப் பார்க்க, சொந்தத்தை நினைத்துத் துடிக்கிறான் என்று பெண்கள் உச்சுக்கொட்டினார்கள்.

கோட்டயத்தில் மணி பதினொன்றரை. எஸ்.டி.டி. பூத்துக்குள் ஓடி, யாருமில்லாத போனில் ஐந்து நிமிஷம் அழுதுவிட்டு வந்தான். இந்த முறை பொய் கச்சிதமாக இருந்தது.

"வீட்டைப் பூட்டிட்டாகளாம் முதலாளி. எல்லாரும் அஸ்தி கரைக்க ஆலப்புழைக் கடலுக்குப் போயிட்டாகளாம். நீங்க இப்படியே ஊருக்குத் திரும்பிருங்க. நான் மட்டும் பஸ்ஸுல போயிக்கிறேன்."

முதலாளி டிரைவரின் தோளைத் தட்டினார்.

"அப்ப ஆலப்புழைக்கே விடு."

கொச்சி ரோடு ஒரு பக்கம் போக, வேன் இன்னொரு பக்கம் திரும்பியது. தங்கப்பாண்டி சட்டைப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

ஆலப்புழைக் கடற்கரையில் மணி ஒன்றே கால். மாலையை இரண்டு கையிலும் ஏந்தியபடி முதலாளி மணலில் இறங்கினார்.

"எங்கனப்பா உங்க ஆளுக?"

பதற்றத்தில், நிலக்கடலை தின்றுகொண்டிருந்த ஒரு குடும்பத்தைக் கை காட்டிவிட்டான். முதலாளி நேராகப் போய், அந்தக் குடும்பத்துப் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசத் தேத்திக்கங்க" என்றார். பெரியவர் மலையாளத்தில் மிரண்டார். பெண்கள் முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்தார்கள். இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் பெரியவர் கழுத்தில் மாலை விழுந்துவிடும்.

இப்போது பஸ் ஏறினாலும் ஆட்டத்தைப் பிடித்துவிடலாம். வேலை போனால் போகட்டும். தங்கப்பாண்டி முதலாளியை இழுத்து நிறுத்தினான்.

"யாரும் சாகலை முதலாளி. எனக்குப் பெரியம்மாவே கிடையாது. நாலு மணிக்கு மாட்சு. முன்னாடி செத்த அஞ்சு பேரும் பொய்."

டிக்கெட்டை எடுத்துக் காட்டினான். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தான்.

முதலாளி மாலையைப் பூமாரியிடம் கொடுத்து, அவள் காதில் ஏதோ சொன்னார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலையை நோக்கி நடந்தார். மற்றப் பெண்கள் அவர் பின்னால் போனார்கள்.

"வேலை போச்சா பூமாரி?" என்று கேட்டான்.

பூமாரி தண்ணீரில் நிற்கும் முதலாளியை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க சொன்னதெல்லாம் பொய்யின்னு எங்க எல்லாத்துக்கும் தெரியும்ணே. கேதம்னு சொன்னாத்தான் வீட்டம்மா முதலாளியைக் குமுளி தாண்ட விடுவாக, முதலாளிக்குக் கடலைப் பாக்கணும்னு இருவது வருச ஆசை. நீங்க சட்டுனு பஸ் ஏறி மாட்சைப் பாத்துட்டு வாங்க, அப்படியே கோவாவுல உங்களுக்கு வயசான சொந்தக்காரக யாராச்சும் இருக்காகளான்னு முதலாளி கேக்கச் சொன்னாக."