தவளை வந்துட்டேன்

“தவறா வந்துட்டேன்” என்றுதான் பல்செட்காரர் சொன்னார். போன் அதைத் “தவளை வந்துட்டேன்” என்று எழுதி, அவரைக் கேட்காமலே அனுப்பியும் வைத்தது.

இரண்டு கையிலும் மணிக்கட்டு வரை பிளாஸ்டர் மாவு. அதனால்தான் போனிடம் வாயால் சொல்ல வேண்டியதாயிற்று. மூன்று பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளைப் பார்த்துப் பல் செட் செய்து கொடுப்பது அவர் தொழில். வீட்டின் பின்னறைதான் பட்டறை. அலமாரி முழுக்க மேல்தாடைகளும் கீழ்த்தாடைகளும் வரிசையாக உட்கார்ந்து நாளெல்லாம் அவரைப் பார்த்துச் சிரிக்கும். முழு முகத்தோடு ஒரு மனிதர் அந்த அறைக்குள் வந்து மாதக்கணக்காகிறது.

அன்று காலை யாரோ அவரைப் ‘பத்தாம் வகுப்பு ஈ பிரிவு’ என்ற வாட்ஸ்அப் குழுவில் சேர்த்திருந்தார்கள். ஆரம்பித்த ஆசாமி முதல் வேலையாக ஒரு பட்டியல் போட்டிருந்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் நேரே ஒரு பட்டப்பெயர். லீடர், ஒட்டகம், மைக்கூடு, அரைநிஜார் என்று நீண்டு, கடைசியில் ‘நம்ம சயின்ஸ் சார்’ என்று முடிந்தது. பல்செட்காரரின் எண்ணுக்கு நேரே ‘தவளை’. அடியில், “பழைய டைரியிலேர்ந்து நம்பர் எடுத்தேன், யாராவது விட்டுப்போயிருந்தா சொல்லுங்கடா” என்று ஒரு வரி.

அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரையே பல்செட்காரர் கேள்விப்பட்டதில்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வருவதற்குள் இருபத்திரண்டு பதில்கள் வந்துவிட்டன.

“டேய் தவளை! உயிரோடதான் இருக்கியா?” இது ஒட்டகம்.

“பாருங்க, கூப்பிட்டதும் குதிச்சு வந்துட்டான்!” இது லீடர்.

“எப்படிடா இருக்க?” என்று மைக்கூடு கேட்டிருந்தாள்.

அந்தக் கடைசி வரியை அவர் மூன்று முறை படித்தார். அவரிடம் எல்லோரும் “எப்ப ரெடியாகும்?” என்றுதான் கேட்பார்கள். ஐம்பத்திரண்டு வயதில் ‘டா’ போட்டு நலம் விசாரிக்க அவருக்கு ஒருவரும் கிடையாது. அப்பா பாலம் கட்டும் மேஸ்திரி. ஓர் ஆற்றுக்குப் பாலம் முடிந்தால் அடுத்த ஆற்றுக்குக் குடும்பம் கிளம்பிவிடும். பத்து வகுப்புக்கு ஒன்பது பள்ளிக்கூடம். ஒவ்வோர் ஊரிலும் பாலம் நின்றது, பையன் நிற்கவில்லை. பக்கத்து பெஞ்சுப் பையனின் பெயர் மனசில் பதிவதற்குள் சாமான் கட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

“நல்லா இருக்கேன்” என்று தட்டினார். கொஞ்சம் யோசித்துக் கடைசியில் ஒரு ‘டா’ சேர்த்தார்.

நாளைக்கு உண்மையைச் சொல்லிவிட்டு வெளியேறலாம் என்று நினைத்தார். ஆனால் மறுநாள் வெளியேறியது குழுவை ஆரம்பித்த ஆசாமி. போன் மாற்றியிருப்பான் என்று பேசிக்கொண்டார்கள். லீடர், பெயருக்கு ஏற்றபடி, பொறுப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். எடுத்த எடுப்பிலேயே உத்தரவு போட்டார்.

“தவளை, அந்தக் காலத்துல கத்துவியே, அந்த மாதிரி ஒண்ணு கத்தி அனுப்புடா.”

பல்செட்காரர் பட்டறைக் கதவைச் சாத்தினார். முதல் தடவை இருமல் மாதிரி வந்தது. இரண்டாவது தடவை வாத்து மாதிரி இருந்தது. மூன்றாவது தடவை அடிவயிற்றிலிருந்து எடுத்தார்.

கதவு திறந்தது. மனைவி நின்றாள். நூலக வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், கையில் சீப்பு.

“என்னங்க, வாந்தி வருதா?”

“இல்லம்மா. தவளை மாதிரி கத்தினேன்.”

அவள் சீப்பைக் கீழே வைத்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

“தெரியாதவங்க கூட்டத்துல போய் எதுக்குங்க இந்த வேஷம்? ‘நான் அவன் இல்லை’ன்னு ஒரு வரி போட்டா முடிஞ்சுது.”

“போட்டுடறேன். இதை மட்டும் அனுப்பிடறேன்.”

அனுப்பினார். ஒரு நிமிஷத்தில் குழு ஆர்ப்பரித்தது. “அதே குரல்! கொஞ்சம்கூட மாறலடா!” என்று ஒட்டகம் எழுதியிருந்தார். “எனக்கு அழுகையே வந்துடுச்சு” என்றாள் மைக்கூடு.

அதற்குப் பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்வது?

கேள்விகள் வர வர அவருக்கு வியர்த்தது. ‘உன் தங்கச்சி எப்படி இருக்கா’ என்றார்கள். அவருக்குத் தங்கையே இல்லை. இருக்கிறாள் என்றார், கல்யாணமும் செய்துகொடுத்தார். ‘சைக்கிள் டயரைக் குத்தினது நீதானே’ என்றார்கள். ஆமாம் என்று மன்னிப்புக் கேட்டார். மற்றவர்கள் கேட்பதற்கு முன்னால் நாமே பேசிவிடுவதுதான் தப்பிக்கும் வழி என்று தோன்றியது. தான் மூன்றே மாதம் படித்த ஏதோ ஒரு பள்ளியின் ஞாபகத்தைத் தூசி தட்டி எடுத்து விட்டார்.

“ஒரு நாள் மழையில ஓடு ஒழுகி, போர்டுல எழுதினதெல்லாம் வழிஞ்சு ஓடிச்சே, ஞாபகம் இருக்காடா? நாம எல்லாரும் பெஞ்சுக்கு அடியில உக்காந்து பாடம் படிச்சோம்.”

எழுதிய பிறகுதான் பயம் வந்தது. அது ஓட்டுக் கட்டடமா, மாடிக் கட்டடமா என்றுகூட அவருக்குத் தெரியாது.

“மறக்க முடியுமா!” என்று ஒட்டகம் பதில் போட்டார். “முதல் சொட்டு என் தலையிலதான்டா விழுந்துச்சு!”

“என் நோட்டு நனைஞ்சுதுன்னு நீ உன் நோட்டைக் குடுத்தியே தவளை” என்றாள் மைக்கூடு.

பல்செட்காரர் அந்த வரியை மறுபடி படித்தார். நோட்டுக் கொடுத்தோமா? கொடுத்திருக்கலாம். கொடுக்கக்கூடிய ஆள்தான்.

பிறகு லீடர் வகுப்புப் போட்டோ கேட்டார். ஒருவரிடமும் இல்லை. பல்செட்காரரிடம் ஒன்று இருந்தது. அந்த ஒன்பது பள்ளிகளில் ஏதோ ஒன்றில், அவர் இருந்த வாரம் பார்த்துப் போட்டோக்காரர் வந்ததால் கிடைத்தது. பெட்டியில் கிடந்து ஈரம் பட்டு முகமெல்லாம் கரைந்து, நாற்பது பொட்டு வைத்த மாதிரி இருந்தது. யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்ற தைரியத்தில் அனுப்பினார்.

“மூணாவது வரிசை, இடது பக்கம் நான்!” என்றார் அரைநிஜார்.

“சார் பக்கத்துல கை கட்டி நிக்கிறது நான்” என்றார் லீடர்.

அவர் அதை மனைவியிடம் காட்டினார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

“ஏங்க, ஒருவேளை நீங்க நிஜமாவே அங்கதான் படிச்சீங்களோ?”

“எனக்கே இப்ப அந்தச் சந்தேகம்தாம்மா.”

அதற்குள் அவளும் மாட்டிக்கொண்டிருந்தாள். சாயந்திரம் வந்து செருப்பைக் கழற்றும்போதே, “மைக்கூடு பொண்ணு டிரைவிங் டெஸ்ட் பாஸ் ஆயிட்டாளா?” என்று கேட்க ஆரம்பித்தாள். மூன்றாவது தடவையும் பெயில் என்றால் இரண்டு பேருக்கும் காபி இறங்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீடியோவில் சந்திப்பதாக ஏற்பாடு. பல்செட்காரர் கேமராவின் மேல் ஒரு துண்டு மெழுகை ஒட்டிவிட்டு, “நெட் சரியில்லடா, முகம் வராது” என்றார். ஆச்சரியம், அன்றைக்கு எல்லோருக்குமே நெட் சரியில்லை. கறுப்புக் கட்டங்கள் இரண்டு மணி நேரம் ஒன்றையொன்று கிண்டல் செய்து சிரித்தன.

விலகிவிடலாம் என்று அவர் நிஜமாகவே முடிவெடுத்த ஒரு மத்தியானம் ஒட்டகம் நேரடியாகப் போன் செய்தார்.

“அம்மா போயிட்டாங்கடா தவளை.”

பிளாஸ்டர் கலந்துகொண்டிருந்த கிண்ணத்தைப் பல்செட்காரர் கீழே வைத்தார்.

“எப்படா?”

“காலையில. வீடெல்லாம் ஆளு. யார்கிட்டயும் பேசத் தோணல. உன்கிட்ட பேசணும்னு இருந்துச்சு.”

பல்செட்காரர் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். கிண்ணத்தில் கலந்த பிளாஸ்டர் கல்லாகிவிட்டது. அதை உளியால் உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு அவருக்குப் புரிந்துபோயிற்று. விலகினால் ஒட்டகத்துக்கு ஒரு நண்பன் குறைவான். உண்மையைச் சொன்னாலும் குறைவான்.

இந்த நிலையில்தான் லீடர் குண்டைத் தூக்கிப் போட்டார்.

“எல்லாரும் நேர்ல சந்திக்கிறோம். ஹால் பிடிச்சாச்சு. முக்கியமான விஷயம், நம்ம சயின்ஸ் சார்கிட்ட பேசிட்டேன். வர்றேன்னுட்டார்!”

பல்செட்காரர் கைவேலையை அப்படியே போட்டார். நண்பர்களுக்கு மறதி இருக்கலாம். வாத்தியார் கண்ணில் மண் தூவ முடியுமா?

“எனக்குக் கால் உடைஞ்சுபோச்சுடா” என்று எழுதினார்.

“ஐயோ! அப்ப ஹால் வேண்டாம், எல்லாரும் உன் வீட்டுக்கே வந்துடறோம். சாரையும் கூட்டிட்டு வர்றேன்” என்று பதில் வந்தது.

“கால் சரியாயிடுச்சு” என்று அடுத்த நிமிஷமே எழுதினார்.

“ஒரே நிமிஷத்துலயா?” என்றாள் பின்னாலிருந்து படித்துக்கொண்டிருந்த மனைவி.

“சுளுக்குன்னு சொல்லிக்கலாம்.”

அவள் அவருடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். காலரைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்.

“போய் உண்மையைச் சொல்லிடுங்க. திட்டினா திட்டட்டும். ஆனா மைக்கூட்டை மட்டும் நான் கேட்டதாச் சொல்லுங்க.”

ஹாலில் வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட பெஞ்சுகளைப் போட்டு, முன்னால் ஒரு கரும்பலகையை நிறுத்தியிருந்தார் லீடர். ஒட்டகம் குள்ளமாக இருந்தார். “அப்ப உயரமா தெரிஞ்சேன்டா” என்று சொல்லிக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மைக்கூடு பேசப் பேசக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அரைநிஜார் ஒரு கம்பெனியின் மேனேஜர், கோட்டு போட்டிருந்தார். எல்லோரும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அந்தக் குட்டி பெஞ்சுகளில் நெருக்கி உட்கார்ந்தார்கள்.

சயின்ஸ் சார் உள்ளே வந்தார். ஒல்லியான மனிதர், தும்பைப் பூ மாதிரி தலை. எல்லோரும் சடாரென்று எழுந்து நின்று, “குட் மார்னிங் சார்” என்று ராகம் போட்டு இழுத்தார்கள். பல்செட்காரர் ஒன்பது பள்ளிக்கூடங்களிலும் இதை இழுத்திருக்கிறார். எல்லா ஊரிலும் ராகம் ஒன்றுதான்.

சார் பட்டியலை வைத்து ஆஜர் எடுத்தார்.

“தவளை?”

“உள்ளேன் சார்.”

அவர் கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தார். பல்செட்காரர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

“நீதானா அது? கடைசி பெஞ்ச்ல உக்காந்துக்கிட்டு என் வகுப்பையே குளமாக்கினவன்!” கிட்டே வந்து காதைப் பிடித்துத் திருகினார். ஹால் அதிரச் சிரித்தது. பல்செட்காரரும் சிரித்தார். வலித்தது, ஆனால் இன்னும் கொஞ்சம் திருகினால் தேவலை போலவும் இருந்தது. எந்த வாத்தியாரும் அவர் காதைத் திருகும் அளவுக்கு அவரை ஞாபகம் வைத்துக்கொண்டதில்லை.

டீ வேளையில் சார் வெளி வராந்தாவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொருவராகப் போய் அவரிடம் குனிந்து ஏதோ பேசிவிட்டு, ஆசி வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். போகும்போது இறுகியிருந்த முகம் திரும்பும்போது லேசாகியிருந்தது. ஒட்டகம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார். நல்ல வாத்தியார் என்றால் இப்படித்தான் என்று பல்செட்காரர் நினைத்துக்கொண்டார். இந்த மனிதரிடம் பொய்யோடு ஆசி வாங்கக் கூடாது.

கூட்டம் குறைந்ததும் போய்க் கை கட்டி நின்றார்.

“என்னடா தவளை?”

“சார்...” அவர் தலையைக் குனிந்துகொண்டார். “நான் தவளை இல்ல சார். இந்த ஸ்கூல்ல நான் படிச்சதே இல்ல. தப்பான நம்பர். போனு தப்பா எழுதிடுச்சு, அப்புறம் விட்டுட்டுப் போக மனசு வரல. நீங்க எனக்கு வாத்தியார் இல்ல சார். நீங்களே உள்ளே போய் எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. நான் இப்படியே கிளம்பிடறேன்.”

கிழவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். ஹால் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, நாற்காலியிலிருந்து பதறி எழுந்து, பல்செட்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“மெதுவாப் பேசுங்க சார். லீடர்லேர்ந்து ஒவ்வொருத்தரா வந்து இதையேதான் என் காதுல சொல்லிட்டுப் போனாங்க, கடைசியா இப்ப நீங்களும் சொல்லிட்டீங்க. நான் வாத்தியாரே இல்லைங்கிறதை நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?”